இடப்பக்கமாகச் சுற்றவும்

சம்பூர்ணம்: ...கேட்டத் தொறக்க வேணாம்மா. நான் உள்ள வர்றதுக்கு வரல. இங்கியே நின்னு நாலு வார்த்த கேட்டுட்டுப் போறேன்.

எஸ்தர்: அத்தே! நீங்களா... என்ன இப்பிடி திடீர்னு? மொதல்ல உள்ள வாங்க.

சம்பூர்ணம்: கால்ல செருப்பு போட்டுக்கினு நிக்கிறேனே, தெரியல? உள்ள வர்றவளா இருந்தா கழட்டியிருப்பேன். அத்தை கித்தைன்னு ஒறவு கொண்டாடவும் வேணாம்.

எஸ்தர்: உங்க புள்ளையக் கட்டிக்கிட்டு ஒன்றரை வருஷம் ஆவுது. அத்தைன்னு கூப்புடாம எப்பிடிக் கூப்புடறது?

சம்பூர்ணம்: ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டதுக்குப் பேரு கல்யாணமா? வுடு. அந்தப் பஞ்சாயத்து இன்னிக்கு இல்ல.

எஸ்தர்: அவரு ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு. வர சாயந்தரம் ஆவும்...

சம்பூர்ணம்: இளவரசன் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். என் சண்ட உன்கிட்ட. யூட்யூப்புல "புதுசா ஆடறவங்களுக்கு"ன்னு ஒரு பொண்ணு மூஞ்சியக் காட்டாம பேசிக்கினு இருக்குதே... அது நீதானே?

எஸ்தர்: ...எந்தப் பொண்ணு?

சம்பூர்ணம்: தெரியாத மாதிரி கேக்காத. குதிரை, வாளு, மலை, பூதம்னு ஒரு பெரிய ஒலகம். எங்க வேணா போலாம், எது மேல வேணா ஏறலாம். அந்த கேமுக்கு டிப்ஸ் குடுக்கறது நீதானேன்றேன்.

எஸ்தர்: ஆமா. நான்தான். அதை நீங்க எப்பிடி...

சம்பூர்ணம்: பக்கத்து வூட்டு தையல்நாயகி பொண்ணு போன்ல பாத்துக்கினு இருந்துது. போற போக்குல காதுல வுழுந்துது. ஒரே ஒரு வாட்டி.

எஸ்தர்: ஒரே ஒரு வாட்டி.

சம்பூர்ணம்: அதான் சொல்றேன்ல!

எஸ்தர்: சரி சரி. கேளுங்க, நாலு வார்த்த.

சம்பூர்ணம்: தாமரைக் கொளத்து நடுவுல ஒரு கல்லுக் கோயிலு வருதே. அதுக்குள்ள கருவறை மாதிரி ஒண்ணு. அத மூணு சுத்து சுத்துனாத்தான் பின்கதவு தொறக்கும். அதுக்கு நீ இன்னா சொல்லி வெச்சிருக்க? "இடப்பக்கமா சுத்துங்க"ன்னு! சொல்லும்போது நாக்கு கூசல உனக்கு?

எஸ்தர்: அது கேமுங்க...

சம்பூர்ணம்: கேமுன்னா? இந்தக் காஞ்சிபுரத்துல தடுக்கி வுழுந்தா கோயிலு. ஒரு கோயில்லயாவது யாராவது இடமா சுத்திப் பாத்திருக்கியா? கொழந்தகூட சுத்தாது! உன் பேச்ச நம்பி இடமா ஒரு சுத்து சுத்துனதுதான்... கம்பத்துல இருக்கற யாளி முழிச்சிக்கினு ஒரே மிதி. செத்தேன்.

எஸ்தர்: செத்தீங்களா? நீங்களா?

சம்பூர்ணம்: ...செத்துச்சு. அந்தப் பொண்ணு. தையல்நாயகி பொண்ணு.

எஸ்தர்: அய்யோ பாவம். அந்தப் பொண்ணு பூட்ஸ் போட்டிருந்துச்சா?

சம்பூர்ணம்: இன்னா பூட்ஸு?

எஸ்தர்: இரும்பு பூட்ஸ். கோயில் தரை பூரா முள்ளு. பூட்ஸ் போட்டுக்கிட்டுதான் உள்ள போவணும்னு மூணாவது வீடியோவுலயே சொல்லியிருக்கேனே.

சம்பூர்ணம்: சாமி இருக்கற எடத்துக்கு பூட்ஸ் காலோடயா போவாங்க! வாசல்லயே கழட்டிடுவேன், எந்தக் கோயிலா இருந்தாலும்.

எஸ்தர்: கழட்டிடுவீங்க. எந்தக் கோயிலா இருந்தாலும்.

சம்பூர்ணம்: இன்னாடி சிரிப்பு? ஆமா, நான்தான் ஆடறேன். அதுக்கு இன்னா இப்ப? உங்களுக்கெல்லாம் மட்டுந்தான் ஆடத் தெரியுமா? தறிக்குத் தார் சுத்தற கை இது. அறுந்த பட்டு நூல கண்ண மூடிக்கினு முடிச்சுப் போடுவேன். நாலு பொத்தான அமுக்கத் தெரியாதா எனக்கு?

எஸ்தர்: நான் ஒண்ணுமே சொல்லலியே! சரி, முள்ளு குத்தி உயிரு பாதியாப் போயிருக்கும். பையில இருந்து கறி எடுத்துத் தின்னிருக்கலாமே?

சம்பூர்ணம்: அன்னிக்குக் கிருத்திகை.

எஸ்தர்: கேமுலயா?

சம்பூர்ணம்: இங்க! ஊர்ல கிருத்திகைன்னா டி.வி.க்குள்ள மட்டும் கறி திங்க வெப்பேனா? காளான் குடுத்தேன்.

எஸ்தர்: காளான் தின்னா பாதி மலை ஏறக்கூட தெம்பு வராதே... அப்பறம் உங்க பை ரொம்பிப் போயி எதையும் எடுக்க முடியலன்னு வேற ஒருவாட்டி...

சம்பூர்ணம்: ரொம்பத்தான் செய்யும். போற எடமெல்லாம் வெளக்கு கெடைக்குது. நீ பாட்டுக்கு "தேவையில்லாத வெளக்கெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க"ன்ற. ஏம்மா, வெளக்க யாராவது தூக்கிப் போடுவாங்களா? அது ரெண்டாவது குத்தம்.

எஸ்தர்: மொத குத்தம்?

சம்பூர்ணம்: இடமா சுத்தச் சொன்னது. மூணாவது குத்தம்... இரு. என் பை ரொம்பிப் போச்சுன்னு நீ எப்பிடிச் சொன்ன? அத நான் உன்கிட்ட சொல்லவே இல்லியே?

எஸ்தர்: ...நீங்கதான் எழுதியிருந்தீங்க.

சம்பூர்ணம்: நானா?

எஸ்தர்: "கூரத்துக்காரி"ன்ற பேர்ல. ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழயும். "வெளக்கத் தூக்கிப் போடச் சொல்றது அநியாயம். குதிரைக்குத் தண்ணி காட்டச் சொல்லவே இல்ல, அதுவும் அநியாயம். இரைஞ்சு பேசும்மா, மிக்சி ஓடற சத்தத்துல கேக்கல." கூரத்துல பொறந்து, கேமுல கிருத்திகை பாக்கறவங்க காஞ்சிபுரத்துல எத்தன பேரு இருப்பாங்க?

சம்பூர்ணம்: தெரிஞ்சுக்கினேதான் "நன்றி அக்கா, நன்றி அக்கா"ன்னு பதில் போட்டுக்கினு இருந்தியா? அக்காவாம் அக்கா! படிக்கச் சொல்லோ எனக்கு எப்பிடிப் பத்திக்கினு வந்துது தெரியுமா? யாரு யாருக்குடி அக்கா?

எஸ்தர்: அத்தைன்னு போட்டிருந்தா பாக்கறத நிறுத்தியிருப்பீங்க. நிறுத்தியிருப்பீங்களா இல்லியா?

சம்பூர்ணம்: பேச்ச மாத்தாத. இடமா சுத்தச் சொன்னதுக்குப் பதில் சொல்லு. நாப்பது வீடியோ போட்டிருக்க. ஒண்ணுகூட சோடை கெடையாது. மழை வந்தா மலை ஏறாத, ஒதுங்குன்ன. சரியா இருந்துது. குதிரைய பின்னாலருந்து கூப்புடாத, முன்னால வந்து நில்லுன்ன. அதுவும் சரி. இது மட்டும் எப்பிடிம்மா தப்பாப் போச்சு? நம்பித்தானே போனேன்! நம்புனவள யாளி வாயில தள்ளிட்டியே!

ரமாமணி: எஸ்தர்... கீழ யாரோட இத்தனை இரைச்சல்? மத்தியானம் ஒரு அரை மணி கண்ணயர விடமாட்டேளா?

எஸ்தர்: சாரி மாமி! ஒண்ணுமில்ல, நீங்க மாடியிலயே இருங்க... ஹவுஸ் ஓனர் மாமி. மெதுவாப் பேசுங்களேன்.

சம்பூர்ணம்: நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? நீங்களே சொல்லுங்கம்மா. கோயில இடப்பக்கமா சுத்தலாமா?

ரமாமணி: அப்பிரதட்சிணமாவா! ராம ராம... யாரு சொன்னா?

சம்பூர்ணம்: உங்க வூட்டுல குடியிருக்கற பொண்ணுதான். ஊரே கேக்கற மாதிரி சொல்லியிருக்குது.

ரமாமணி: எஸ்தரா? இருக்காதே. போன கருடசேவைக்கு எனக்கு முட்டி வலின்னு, எனக்குப் பதிலா நீர்மோர்ப் பந்தல்ல நின்னவளாச்சே இவ. வெளியூர்லேர்ந்து வந்தவாளுக்கெல்லாம் எந்த வாசல்ல போகணும், எப்படிச் சுத்தி வரணும்னு இவதான் வழி சொல்லிண்டிருந்தா. இவளுக்கா வலம் இடம் தெரியாது?

சம்பூர்ணம்: அப்பறம் எப்பிடிச் சொன்னா?

ரமாமணி: அதை அவளையே கேளுங்கோ. ஆமா... நீங்க யாரு? எஸ்தருக்குச் சொந்தமா?

சம்பூர்ணம்: இல்லீங்க. நான் வீடியோ பாக்கறவ.

எஸ்தர்: ...ஆமா மாமி. சப்ஸ்கிரைபர்.

ரமாமணி: என்ன எழவோ. மழை வரும்போலிருக்கு, கொடியில இருக்கற என் புடவையைக் கொஞ்சம் எடுத்துப் போட்டுடு. நான் கதவைச் சாத்திக்கறேன்.

எஸ்தர்: சரிங்க மாமி.

சம்பூர்ணம்: பாத்தியா, அந்தம்மாவே சொல்லிட்டாங்க. இப்ப இன்னா சொல்ற?

எஸ்தர்: "இல்லீங்க"ன்னுட்டீங்க.

சம்பூர்ணம்: இன்னாது?

எஸ்தர்: "சொந்தமா"ன்னு கேட்டாங்க. "இல்லீங்க"ன்னு சொல்லிட்டீங்க. கண்ண சிமிட்டறதுக்குள்ள.

சம்பூர்ணம்: பின்ன இன்னா சொல்லச் சொல்ற?

எஸ்தர்: ஒண்ணும் சொல்ல வேணாங்க, சப்ஸ்கிரைபர்! நீங்க இடம் வலம்னு சண்ட போடுங்க. வெளக்குக்கு நியாயம் கேளுங்க. கேமுல ஒரு குதிரை தாகமா இருந்தா அதுக்குக்கூட உங்க மனசு தாங்காது. நான் ஒன்றரை வருஷமா இதே ஊர்ல இருக்கேன். தெருவுல எதிர்ல வந்தா ஜவுளிக்கடை கண்ணாடியப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. நான் போற வரைக்கும்.

சம்பூர்ணம்: கண்ணாடியில உன்னத்தான்... வுடு.

எஸ்தர்: என்ன?

சம்பூர்ணம்: ஒண்ணுமில்ல. தூறுது பாரு. அந்தம்மா பொடவய எடு.

எஸ்தர்: எடுத்துட்டேன். நீங்க நனையறீங்க. "மழை வந்தா ஒதுங்கணும்." இப்பதானே சரியான டிப்புன்னீங்க?

சம்பூர்ணம்: அது மலைக்கு.

எஸ்தர்: சன்ஷேடு கீழயாவது வந்து நில்லுங்க. அது வாசப்படிக்கு வெளியிலதான்.

சம்பூர்ணம்: ...சன்ஷேடு வரைக்கும் வர்றேன். அதுக்கு மேல இல்ல.

எஸ்தர்: தெரியும். அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல, எங்கம்மா முன்னாடி சொன்னீங்களே, மறந்துடுவேனா? "என் செருப்புகூட உன் வாசப்படிய மிதிக்காது"ன்னு. எங்கம்மா ஐயம்பேட்டைக்குப் போற வரைக்கும் ஆட்டோவுல அழுதுக்கிட்டே போனாங்க.

சம்பூர்ணம்: நான் மட்டும் சிரிச்சிக்கினா போனேன்? ஒத்தப் புள்ள. "அம்மா, பத்து மணிக்கு வந்துடு"ன்னு போன் பண்றான். எதுக்குன்னு போயி பாத்தா மாலையோட நிக்கறான். மொதநாளு ராத்திரி என் கையால சோறு தின்னான், ஒரு வார்த்த சொன்னானா?

எஸ்தர்: சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களா?

சம்பூர்ணம்: மாட்டேன். ஆனா சண்ட போட்டிருப்பேனே! சண்ட போடறதுக்குக்கூட எனக்கு ஒரு நாளு குடுக்கலியேடி நீங்க ரெண்டு பேரும். அவன் கேம் ஆடற பொட்டி மட்டும் டி.வி. பக்கத்துலயே கெடந்துது. தூசு தொடைக்கப் போயி கை பட்டுப்போச்சு. ஆத்தங்கரையில ஒரு ஆளு குதிரையப் புடிச்சிக்கினு நிக்கறான். மேல இளவரசன்னு பேரு போட்டிருக்குது.

எஸ்தர்: அவரோட சேவ்.

சம்பூர்ணம்: இன்னா கருமமோ. இவன் வுட்ட எடத்துலயே அவன் நிக்கறான். காத்தடிச்சா துணி ஆடுது, அவன் நவுரல. எதனா அமுக்கி அவன வேற எங்கனா அனுப்பிடுவேனோன்னு பயந்து பொத்தானையே தொடல. அப்பறம் உன் வீடியோவப் பாத்துத்தான் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சேன். என் ஆளு பேரு பொன்னி. குதிரை பேரு பாச்சா.

எஸ்தர்: பாச்சாவா?

சம்பூர்ணம்: சிரிக்காத. நல்ல குதிரை அது. கொளத்துக்குப் பின்னால இருக்கற படகுல ஏத்தச் சொல்லோ மட்டும்தான் மொரண்டு புடிச்சுது.

எஸ்தர்: எந்தப் படகு?

சம்பூர்ணம்: ...எந்தப் படகு?

எஸ்தர்: கொளத்துக்குப் பின்னால இருக்கற படகு. அது கல்லுக் கோயில் பின்கதவு தொறந்தாத்தானே கண்ணுலயே படும்? நீங்கதான் யாளிகிட்ட செத்துட்டீங்களே?

சம்பூர்ணம்: தையல்நாயகி பொண்ணு சொல்லிச்சு.

எஸ்தர்: அதுவும் ஆடுதா?

சம்பூர்ணம்: ஆடுது, பாடுது! இன்னா நீ, போலீஸ் மாதிரி கேள்வி கேட்டுக்கினு இருக்க? நியாயம் கேக்க வந்தவ நானு. ...அது இன்னா உள்ள, அட்டப் பொட்டியா அடுக்கி வெச்சிருக்குது?

எஸ்தர்: ஓசூருக்குப் போறோம். அவருக்கு மாத்தலாயிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை லாரி வருது. வீடியோவுல சொன்னேனே, கடைசியில?

சம்பூர்ணம்: கடைசி வரைக்கும் யாரு பாத்தா? இடமா சுத்துன்னு சொன்னதுமே கோவத்துல நிறுத்திட்டேன்.

எஸ்தர்: அவரு உங்ககிட்ட நேர்ல வந்து சொல்றேன்னாரு. தெரு முனை வரைக்கும் போயிட்டு ரெண்டு வாட்டி திரும்பி வந்துட்டாரு. 

சம்பூர்ணம்: தெரு முனையிலருந்து வூடு எம்மா தூரம்? பொறந்து வளந்த வூட்டுக்கு வழி தெரியலியாமா அவனுக்கு?

எஸ்தர்: அத அவரையே கேளுங்க. நான் கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன். நல்லதாப் போச்சு போங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் இது எங்க வாசப்படியே இல்ல, மாமியோடது. அப்ப வந்து தாராளமா மிதிங்க. உங்க வார்த்தையும் கெடாது.

சம்பூர்ணம்: வாயப் பாரு... வாயி! நான் சொன்னது இன்னா? திருப்பிச் சொல்லு.

எஸ்தர்: எத?

சம்பூர்ணம்: அன்னிக்கு, ஆபீஸ் வாசல்ல. ஒரு எழுத்து வுடாம சொல்லு.

எஸ்தர்: "என் செருப்புகூட உன் வாசப்படிய மிதிக்காது."

சம்பூர்ணம்: செருப்புன்னுதானே சொன்னேன்?

எஸ்தர்: ஆமா.

சம்பூர்ணம்: காலுன்னு சொன்னேனா?

எஸ்தர்: ...இல்ல.

சம்பூர்ணம்: இந்தா. கழட்டியாச்சு. செருப்பு மழையில கெடக்கட்டும், அது மிதிக்காது. தள்ளி நில்லு, வழிய மறிச்சிக்கினு நிக்காத.

எஸ்தர்: அத்தே...

சம்பூர்ணம்: கண்ணத் தொடை மொதல்ல. நான் ஒண்ணும் சமாதானமாயிடல. மூணாவது குத்தம் இன்னும் பாக்கி இருக்குது.

எஸ்தர்: இருக்கட்டும், உள்ள வந்து சொல்லுங்க. வலது கால எடுத்து வெச்சு வாங்க.

சம்பூர்ணம்: ஏன், இப்ப மட்டும் வலம் எதுன்னு தெரியுதா?

எஸ்தர்: எப்பவும் தெரியும் அத்தே. திட்டக் கூடாது... அந்த டிப்பு தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன். நல்லதா நாப்பது சொன்னேன், கீழ ரெண்டு வரி எழுதிட்டுப் போயிட்டீங்க. ஊரவுட்டுப் போறதுக்குள்ள ஒரு வாட்டியாவது நேர்ல வருவீங்களான்னு... கோயில இடமா சுத்துன்னு சொன்னா மட்டும் உங்களால வீட்டுல உக்கார முடியாதுன்னு தெரியும். சண்ட போடறதுக்காவது வருவீங்கன்னுதான்.

சம்பூர்ணம்: அடி போடி. அந்தக் கோயில நான் ஆடி மாசமே தாண்டிட்டேன். வலமாத்தான் சுத்துனேன், பூட்ஸ வாசல்லயே கழட்டி வெச்சிட்டு. இடம் வலத்துக்கா இம்மா தூரம் வந்தேன்? "ஓசூருக்குப் போறோம்"னு கடைசியில ஒரு வரி சொன்னே பாரு... அதுக்கு வந்தேன்.